ஆறாவது சுற்று

மின்விசிறியை நிறுத்தியாயிற்று, தெருப்பக்கத்து ஜன்னலுக்குக் கம்பளியைக் கட்டியாயிற்று, செல்போனை அரிசி மூட்டைக்குள் செருகியாயிற்று. இனி அந்த ஒற்றைப் பொத்தானை அழுத்தவேண்டியதுதான் பாக்கி என்று சென்னியப்பன் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோதே, பிடரியிலிருந்து கிளம்பிய வேர்வை முதுகுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஈரோட்டு வெயில் ஓட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. அழுத்தினார். டிக், டிக், டிக், டிக் என்று இடது காதில் செருகியிருந்த இயர்போனில் எண்ணிக்கை தொடங்கியது. முதல் சுற்று வெறும் எண்ணிக்கைதான், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும், சும்மா இருப்பதுதான் அவருக்கு வராது. ஒரு சுற்று என்றால் முப்பத்திரண்டு தட்டு, அரை நிமிடம். மொத்தம் பன்னிரண்டு சுற்று. எந்தச் சுற்றில் எதை வாசிக்கப்போகிறோம் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் கணினி தானாக மைக் என்கிற காதைத் திறக்கும், தானாக மூடிக்கொள்ளும், கேட்டதை மறுநொடியிலிருந்து பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் இன்னொன்றை ஏற்றலாம், அதன்மேல் இன்னொன்று, ஒரே ஆள் ஒரு கூட்டமாகிவிடலாம். ஓசூரில் இருக்கும் மகள் கோகிலாதான் போனிலேயே எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்கப்பா. அது உங்களுக்காக நிக்காது. நீங்க பிந்துனாலும் அது பாட்டுக்குப் போயிரும். இதுகிட்ட உங்க பேரமெல்லாம் செல்லாது." செல்லாதாமா. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷமாகத் தரகு பேசுகிறவர், முட்டுகிற எருமையையும் மிதிக்கிற பசுவையும் வாயாலேயே சாதுவாக்கி விற்றவர், கேரளத்து வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியேறிய பிறகும் இறக்கிக் கொண்டுவந்தவர், இந்தத் தகர டப்பாவிடம் பேசிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். செல்லத்தான் இல்லை. இதோ இரண்டாவது சுற்று, திரையில் சிவப்புப் புள்ளி விழுந்துவிட்டது, புல்புல்தாராவின் தடித்த தந்தியைக் கட்டைவிரல் தொட்டது, ம்ம்ங், ம்ம்ங், ஒன்று விட்டு ஒன்று, மாடு அசைபோடுகிற நிதானத்தில். ஒன்றரை முழப் பெட்டி, மேலே தந்தி, பக்கத்தில் தட்டச்சு மிஷின் மாதிரி வரிசையாகக் கட்டைகள். அந்தியூர்க்காரர் ஒருத்தர் கறவை எருமையை விற்றுவிட்டுக் கயிற்றைத் தரமாட்டேன் என்று மல்லுக்கு நிற்க, கயிறில்லாவிட்டால் கக்கத்தில் வைத்திருக்கிற அந்தப் பெட்டியைக் கொடு என்று சும்மா வம்புக்குக் கேட்டது. மனுஷன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிட்டார். இருபது வருஷம் ஆயிற்று. வாழ்க்கையில் கொசுறாக வந்தவைதான் கடைசிவரை கூட வருகின்றன.

மூன்றாவது சுற்று. தந்தி இப்போது தானாக முழங்கிக்கொண்டிருந்தது, அவருடைய கை ஓய்ந்திருந்தும் அவருடைய கை வாசித்தது, இந்த இடம் வரும்போதெல்லாம் நெஞ்சுக்குள் யாரோ பனைவெல்லத்தை வைத்த மாதிரி இருக்கும். விரல் நுனிகளால் பெட்டியின் அடிமரத்தில் தட்டினார், தகதிமி தக்க என்று ஒரு கணக்கு, யாரும் சொல்லிக்கொடுக்காதது, லாரியில் மாட்டோடு மாடாக நின்றுகொண்டு பொள்ளாச்சிக்குப் போன நாளில் பின்பலகையில் தட்டிப் பழகினது. முன்பெல்லாம் இதற்குக் காலடியில் ஒரு மிதி இருந்தது. சுற்று முடிகிற நேரத்துக்குச் சரியாகக் காலால் அழுத்தவேண்டும், கால் ஒரு மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும் மொத்தமும் நொண்டும், நொண்டினால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் மிதி தாங்காது. ஒன்று விரிசல் விட்டது, இன்னொன்றின் ஸ்பிரிங் தெறித்து ஓட்டில் செருகிக்கொண்டது, மூன்றாவதின் கதை ஒன்பது நாளைக்கு முந்தினது. அதை நினைக்கக் கூடாது, தட்டு, தட்டு, தகதிமி. நினைக்கக் கூடாது என்பதுதான் முதலில் வந்து நிற்கிறது. அன்றைக்கும் இதே நேரம், அருமையாக ஏறிக்கொண்டிருந்தது, மைக் திறந்திருந்த சமயமாகப் பார்த்துத் தமயந்தி கதவோரம் வந்து, "ஏனுங்க, கடலெண்ணெ தீந்துபோச்சுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த சுற்றில் ஒலிபெருக்கி சொன்னது, கடலெண்ணெ தீந்துபோச்சுங்க. அதற்கடுத்த சுற்றிலும் தீந்துபோச்சுங்க. நிறுத்த மிதித்தார், நிற்கவில்லை, மறுபடி மிதித்தார், தீந்துபோச்சுங்க, பிளக்கும்வரை மிதித்தார், பிளந்ததைத் தூக்கி அடுக்களைப் பக்கம் எறிந்தார். "நான் வாசிக்கறப்ப இந்த வீட்ல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தமயந்தி தரையில் உருண்ட மிதியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "செரிங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசினது.

சலங்கை, சலங்கை, நாலாவது சுற்று, மைக் திறந்துவிட்டது. காளைக் கழுத்துச் சலங்கை ஒரு கொத்து, ஆணியில் தொங்குவதை இடது கையால் ஒரே ஒரு அசைப்பு, நாலு தட்டுக்கு ஒரு தடவை, அதிகம் ஆட்டினால் தேர் வருகிற மாதிரி ஆகிவிடும். சுகமாக விழுந்தது. தந்தி, மரம், சலங்கை, மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரே வண்டித் தடத்தில் போயின. ஒன்பது நாளில் வாசிப்பு தேறியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும், மிதி போனதால் கால் தொந்தரவு இல்லை, குறுக்கே பேச்சு இல்லை. முதல் நாள் நல்லதாப் போச்சு என்றுதான் நினைத்தார். இரண்டாம் நாள் டம்ளரை வைக்கிற சத்தத்தில் காப்பி வந்தது. தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி அவருடைய செருப்பின் மேல் வைத்தாள், எண்ணெய் ஒரு லிட்டர். மறுநாள், தண்ணி வராது. அதற்கு மறுநாள், கேஸ் புக் பண்ணவும். வாசிக்கும்போது மட்டும் என்றுதானே சொன்னேன் என்று சட்டம் பேச வாய் துடித்தது, ஆனால் சட்டம் பேசினால் முதலில் பேசினவர் அவர் என்றாகிவிடும். வியாழக்கிழமை சந்தையில் ஒரு சிந்து மாட்டை அடிமாட்டு விலைக்கு விட்டுவிட்டு நின்றார், என்னங்க சென்னியண்ணா, தூக்கமில்லையா என்று கூட்டாளிகள் கேட்டார்கள். தூக்கமெல்லாம் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவள் கொட்டாவி விடும்போதுகூட வாயைப் பொத்திக்கொள்கிறாள், அந்தச் சத்தம்தான் இல்லாததாக இருக்கிறது. நேற்று கோகிலா பேசினாள். "அம்மா திங்கக்கெழம இங்க வர்றேன்னாங்கப்பா. எத்தன நாளைக்குன்னு கேட்டேன், தெரியல கண்ணுன்னாங்க." மகளிடம் பேசுகிறாள், ஆக, குரல் இருக்கிறது, பூட்டு அவருக்கு மட்டும்தான். எத்தனை நாளைக்கு என்பதற்குத் தெரியல என்று ஒரு பதிலா. தெரியல என்கிற ஆளிடம்தான் வியாபாரம் படியாது, இன்ன விலை என்று அநியாயமாகச் சொல்கிறவனைக்கூட இறக்கிவிடலாம், தெரியல என்று வானத்தைப் பார்க்கிறவனை ஒன்றும் செய்ய முடியாது. திங்கள்கிழமை பஸ் ஏறிவிட்டால் இந்த வீட்டில் தந்தி அவர், மரம் அவர், சலங்கை அவர், காப்பி அவர், டம்ளரை வைக்கிற சத்தமும் அவரேதான்.

ஐந்தாவது சுற்று கேட்பதற்கு. வாசிக்க ஒன்றுமில்லை, மூச்சைச் சீர்படுத்திக்கொண்டு ஆறாவதில் குரலெடுத்து முனகவேண்டும், வார்த்தையில்லாத மெட்டு, அவரே கட்டினது, கடைசியில் ஏறுகிற இடத்தில்தான் மூச்சு பற்றுவதில்லை. விரல்களை மடக்கிச் சுற்றை எண்ணினார். இந்த விரல்கள் பேசாத பேச்சா. சந்தையில் துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு விரலைப் பிடித்தே விலை சொல்லவேண்டும், மேலே இரண்டு பேரும் மழையைப் பற்றியும் மச்சான் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள், கீழே விரல்கள் வெட்டிக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் கயிறு பிடிக்கப் போன புதிதில், தரகர் பிடித்த விரலை எட்டிப் பார்த்துவிட்டு அதோ அவ்வளவு கேக்கறாரு என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சந்தை முழுக்கப் பார்க்க விழுந்த அறையில் வலது காது மூன்று நாளைக்கு ரீங்காரம் போட்டது. அந்த ரீங்காரம்தான் அவருக்கு முதல் சுருதி என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கற்றது இரண்டு, வாயால் விலை சொல்லாதே, நீ முதலில் சொல்லாதே. அதை வைத்துத்தான் இந்த ஓட்டு வீடு, மகள் படிப்பு, கல்யாணம் எல்லாம். ஆனால் பாருங்கள், அதே பாடத்தைத் தமயந்தியும் எங்கிருந்தோ கற்றிருக்கிறாள், ஒன்பது நாளாக வீடு முழுக்க ஒரு பெரிய துண்டைப் போர்த்தி அடியில் உட்கார்ந்திருக்கிறாள், காலண்டர்த் தாள் ஒரு விரல், டம்ளர் ஒரு விரல், ஓசூர் ஒரு விரல். இவரும் துண்டைப் போட்டுக் கையை நீட்டினால் என்ன. சாப்பாட்டு மேசை மேலேயே விரித்து, அடியில் அவள் கையைப் பிடித்து. எந்த விரலைப் பிடிப்பது. நூறுக்கு விரல் உண்டு, ஆயிரத்துக்கு உண்டு, பாதிக்கு உண்டு, மாடு நொண்டி என்று ரகசியமாகச் சொல்வதற்குக்கூட உள்ளங்கையில் ஒரு சுரண்டல் உண்டு. தப்பு என்மேல் என்பதற்கு விரல் கிடையாது. நாற்பது வருஷத்தில் ஒருத்தனுக்கும் அது தேவைப்பட்டிருக்கவில்லை. அதற்கு வாயைத்தான் திறக்கவேண்டும், வாயைத் திறந்தால் காது ரீங்காரம் போடும், ஐம்பத்திரண்டு வயதில் யார் அறையப்போகிறார்கள், இருந்தாலும் போடும், என்று நினைத்துக்கொண்டே கண்ணை உயர்த்தினால் திரையில் சிவப்புப் புள்ளி. எப்போது விழுந்தது. இருபத்தாறு, இருபத்தேழு என்று எண் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது சுற்று, குரல் சுற்று, முக்கால்வாசிக்குமேல் போய்விட்டது. இப்போது பாய்ந்து எடுத்தால் பாதி மெட்டு வாலறுந்து கிடக்கும். முப்பது, முப்பத்தொன்று. புள்ளி அணைந்தது. கோட்டை விட்டுவிட்டார்.

கால் தானாக மிதியைத் தேடியது. மிதி இல்லை, சில்லென்ற சிமெண்டுத் தரைதான் இருந்தது. குதிகாலை ஓங்கினவர் அப்படியே நிறுத்தினார், உதைத்தால் தரைக்கா வலிக்கும். அடுத்தது அறுத்தெறிய வேண்டியது மைக் வயர், அடுத்தது மடிக்கணினியைப் படாரென்று மூடுவது, வரிசையாக எல்லாம் கைக்கு வந்து நின்றன, எதையும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவருக்கே புரியவில்லை. ஏழாவது சுற்று யாரையும் கேட்காமல் தொடங்கிவிட்டிருந்தது, தந்தியும் மரமும் சலங்கையும் அவர் பாடவில்லை என்பதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன, அந்தக் கவலையின்மை கொஞ்சம் அவர்மேலும் ஒட்டிக்கொண்டது. சரி, குரலிருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம் சுற்றிக்கொண்டிருக்கட்டும், ஒன்றும் முழுகிவிடாது. கட்டைகளில் விரலை வைத்து மெட்டை வாசித்தார். என்ன ஆச்சரியம், நன்றாக உட்கார்ந்தது. எட்டாவது சுற்றில் இன்னும் நன்றாக. எப்போதும் இறங்கும்போது வழுக்குகிற இடத்தில் இன்றைக்கு யாரோ அடியிலிருந்து ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது. வெற்றிடம் காலியாக இல்லை, என்னவோ கிடந்தது அதில், கரண்டி வாணலியில் உரசுவது ஒன்று, தட்டப்பயறு வெந்த வாசனை எங்கிருந்தோ வந்ததால் அது அடுக்களை என்று தெரிந்தது, மூக்கு கேட்டதா காது முகர்ந்ததா தெரியவில்லை. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும் என்று திறந்து போட்டிருந்தார், மைக்கின் மூஞ்சியும் அந்தப் பக்கம்தான். கரண்டிச் சத்தம் விழுந்துவிட்டது, விழட்டும். அன்றைக்குக் கடலெண்ணெய்க்குக் குதித்த மனுஷன் இன்றைக்குக் கரண்டியைச் சேர்த்துக்கொண்டு வாசித்தார். ஒன்பதாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டார். வேர்வை கண்ணிமையில் நின்றது, துடைக்கவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தாலும் சரிதான் என்று தோன்றியது, மனிதனுக்கு வேறென்ன வேண்டும், ஒரு மத்தியானம், தந்தி சுருதியில் நிற்கிறது, அடுக்களையில் ஆள் நடமாட்டம் கேட்கிறது. திங்கள்கிழமை, என்றது உள்ளே ஒன்று. இரு, என்றார் அதனிடம், திங்கள்கிழமை வரட்டும்.

பத்தாவது சுற்றில் சலங்கை நின்றது. அவர் எழுதிக் கொடுத்தபடிதான், ஏற்றினதையெல்லாம் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக் கடைசிச் சுற்றில் தன் முனகல் மட்டும் தனியாக நிற்கவேண்டும் என்று ஒரு ஆசை வைத்திருந்தார். அது இல்லை, ஆகவே கடைசியில் கரண்டிதான் நிற்கும், நிற்கட்டும். மெட்டை முடித்துக் கையை எடுத்தார். பதினொன்றில் மரம் நின்றது. தந்தி மட்டும் ம்ம்ங், ம்ம்ங் என்றது, அதன் முதுகில் இன்னொரு ம்ம் இருந்தது. தந்தி இப்படி வளையாதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பன்னிரண்டில் தந்தியும் நின்றது. எட்டுத் தட்டுக்கு ஒன்றுமில்லை, அடுப்பின் சீற்றமும் கரண்டியும்தான். அந்த எட்டுத் தட்டு அவர் பாடுவதற்காக யாரோ காத்திருந்த நேரம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்பதாவது தட்டில் ஒரு முனகல் தொடங்கியது, சந்தேகமாக, எடுக்கலாமா வேண்டாமா என்று. அவர் மெட்டு. அவர் குரலில்லை. கரண்டி நின்றுவிட்டது. முனகல் மெதுவாக வாய் திறந்து ன, னா என்று ஆயிற்று, ஒரு இடத்தில் பாத்திரத்தைத் தூக்கினதற்கு ஒரு மூச்சு, மறுபடி விட்ட இடத்திலேயே பிடித்து, கடைசி ஏற்றத்துக்கு முன்னால், அவர் ஒருநாளும் மூச்சு வாங்கத் தெரியாமல் தடுக்கி விழுகிற அந்த இடத்துக்கு முன்னால், சின்னதாக ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அலட்சியமாக மேலே ஏறி நின்றது. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் தமயந்தி பாடி அவர் கேட்டதில்லை. கோகிலாவைத் தூங்கப்பண்ணக்கூட அவள் முதுகில்தான் தட்டுவாள். டிக் என்ற கடைசித் தட்டோடு எல்லாம் நின்றது. காதிலிருந்ததைக் கழற்றினார். அடுக்களையிலும் சத்தமில்லை.

தமயந்தி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது. ஒலிபெருக்கியைப் பார்த்தாள், பிறகு அவரை.

"அது ஆருங்க பாடறது?"

"தெரியல" என்றார். "அடுக்களப் பக்கமிருந்து வந்து மைக்குல உழுந்துது."

"பரவால்லியே. உங்களுக்கு மேல பாடறா."

அதற்குச் சுடச்சுட ஒரு பதில் நாக்கில் வந்து உட்கார்ந்தது, நல்ல பதில், சந்தையில் சொன்னால் நாலு பேர் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். அதை விழுங்கினார். வலது காதுக்குள் ரீங்காரம் கிளம்பியது. கிளம்பட்டும். "அன்னிக்கு நாஞ் சொன்னது தப்பு" என்றார்.

"எது? வாயத் தொறக்கக் கூடாதுன்னதுங்களா, மிதியப் பொளந்ததுங்களா?"

"ரெண்டுந்தான்."

"அதத் தூக்கி எறிஞ்சதுல எங்கம்மா குடுத்த எண்ணெத் தூக்கு நெளிஞ்சுபோச்சே, அது?"

"மூணுந்தான்."

தமயந்தி கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். "ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? கேட்ட வெலையக் கேட்டபடியே குடுக்கறீங்க."

"திங்கக்கெழம ஓசூரு போறியாமா."

"ஆமாங்க."

"எப்ப வருவ?"

"அத இனிமேத்தான் ரோசன பண்ணோணும்."

"செவ்வாக்கெழம வந்துரு."

"போன மறுநாளேவா? அவ மாமியா என்ன நெனைக்கும்? வெள்ளிக்கெழம வர்றேன்."

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் இரண்டு நாள் கிடக்கின்றன, புதன் என்று வெட்டினால் வியாழனில் படியும், நாற்பது வருஷப் பழக்கத்தில் விரல்கள் மடியிலேயே மடங்கி விரிந்தன. "வெள்ளிக்கெழம" என்றார்.

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது போலவும் இருந்தது, அடுப்புச் சூட்டில் சிவந்தது போலவும் இருந்தது. "அத இன்னொருக்காப் போடுங்க, கேக்கறேன்."

"அது இல்ல. நின்னதும் அழிஞ்சுரும். சொதப்பறதையெல்லாம் எதுக்குச் சேத்து வெக்கோணும்னு நாந்தான் அப்படிப் பண்ணி வச்சேன்."

"நல்லாப் பண்ணி வச்சீங்க போங்க." திரும்பி நடந்தவள் நின்றாள். "மறுக்கா வாசிங்க. ஆறாவது சுத்து வர்றப்ப நான் அங்கிருந்தே பாடிக்கறேன். கதவ மட்டும் சாத்திப்போடாதீங்க."

"ஆறாவது சுத்துன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"ஒம்பது நாளா இந்த வீட்ல கேக்கறதுக்கு வேற என்ன இருந்துது?"

அவள் உள்ளே போய்விட்டாள். சென்னியப்பன் வேட்டித் தலைப்பால் முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். டிக், டிக், டிக். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது, "பயித்துக்குத் தேங்கா துருவிப் போடட்டுங்களா?"

முதல் சுற்று. பதில் சொல்வதற்கு அதில் தாராளமாக இடம் இருந்தது.